ஆண்டின் முதல் வாரத்துக்கு: உட்கார்ந்த இடத்திலேயே முடிகிற பொழுதுபோக்குகள்

டிசம்பர் கடைசி ஓய்வில் எட்டுப் பகுதித் தொடர் ஒன்றைத் தொடங்கிவிட்டு, வேலைக்குத் திரும்பும் நாளில் ஐந்தாம் பகுதியில் நிற்பது பலருக்கும் நடக்கிறது. மிச்சத்தை ஒரே ராத்திரியில் பார்த்துத் தீர்க்கிறார்கள். தூக்கம் கெடுகிறது, ஆண்டின் முதல் வேலை நாள் கனத்த தலையோடு விடிகிறது. ஒவ்வொரு பகுதியும் அடுத்ததற்குக் கொக்கி போட்டுத்தான் முடியும். நன்றாக எழுதிய தொடர் என்றால் கொக்கி இன்னும் பலம். விடுமுறையில் இரண்டு மணிக்குப் படுத்துப் பழகிய உடம்பை வழக்கமான நேரத்துக்குத் திருப்ப வேண்டிய வாரத்தில் இந்த இழுப்பு உதவாது.

அதனால் முதல் வாரத்துக்கு ஒரே ஒரு அளவுகோலைத்தான் பரிந்துரைக்கிறேன்: எதுவானாலும் உட்கார்ந்த இடத்திலேயே முடிய வேண்டும். ஒன்றரை மணி நேரப் படம், நாற்பது நிமிட ஆல்பம், கால் மணி நேரத்தில் ஒரு சுற்று முடியும் விளையாட்டு, ஒரு சிறுகதை. தொடர்களை ஜனவரி இரண்டாம் வாரத்துக்குத் தள்ளி வையுங்கள், அவை எங்கும் போய்விடாது. படங்கள்தான் போய்விடும். முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

முப்பத்தொன்றாம் தேதிக்கு முன்

ஓடிடி தளங்கள் தம்மிடம் உள்ள பல படங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் வாங்கித்தான் வைத்திருக்கின்றன. அந்த உரிமங்கள் பெரும்பாலும் மாதக் கடைசியில் தீரும். ஆறு மாதமாகப் பட்டியலில் கிடந்த படம் ஜனவரி 1 காலையில் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். டிசம்பர் கடைசி வாரத்தில் உங்கள் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு படத்தின் பக்கத்துக்கும் போய்ப் பாருங்கள். நீங்கப்போகிற படம் என்றால் பல தளங்கள் கடைசி நாளை அங்கே போட்டிருக்கும். அப்படியே பட்டியலையும் களைந்துவிடுங்கள். நாற்பது பெயர் இருந்தால் ஐந்து மட்டும் மிஞ்சட்டும். நாற்பதுக்கு நடுவே தேடித் தேடியே முக்கால் மணி நேரம் போய்விடுகிறது.

விடுமுறை மாலைகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்ப்பதால் இணைய வேகம் சறுக்கும். முழு எச்டி தடங்கலின்றி ஓட நொடிக்கு 5 மெகாபிட் தேவை, 4கே என்றால் 15. அது உறுதியில்லை என்றால் பகலிலேயே டவுன்லோட் செய்து வைப்பது நல்லது. எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3 ஜிபி வரை, 4கே தரத்தில் 7 ஜிபி வரை ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: டவுன்லோட் செய்த சில படங்களுக்கு, முதன்முறை பிளே அழுத்தியதிலிருந்து 48 மணி நேரம்தான் ஆயுள். 'சரியாக இறங்கியிருக்கிறதா' என்று அழுத்திப் பார்த்தாலே அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். பெரும்பாலும் அது உங்கள் புரொஃபைலின் பிளேபேக் அமைப்பில் இருக்கும். அடுத்த பகுதி தானாக ஓடுவதற்கு ஒரு குறி, முன்னோட்டம் தானாக ஓடுவதற்கு இன்னொரு குறி. இரண்டையும் எடுத்துவிட வேண்டும். குடும்பத்தில் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டியிருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

படம் ஏன் சீரியல் மாதிரி தெரிகிறது

நல்ல படத்தைத் தேர்ந்தெடுத்த பிறகும் ஏதோ சரியில்லை என்று தோன்றினால், பெரும்பாலும் குற்றம் டிவியின் அமைப்பில்தான் இருக்கும். திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம்களாக, அதாவது 24 அசையாப் படங்களாகப் படமாக்கப்படுகிறது. டிவி திரை நொடிக்கு 60 அல்லது 120 முறை புதுப்பிக்கிறது. இடைவெளியை நிரப்ப, இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே இல்லாத ஃபிரேம்களை டிவியே கணக்கிட்டு உருவாக்குகிறது. இதற்குப் பொதுப்பெயர் மோஷன் ஸ்மூத்திங். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்ற பெயர்களில் ஒளிந்திருக்கும். இது ஓடினால் சினிமா வீடியோபோல வழுக்கும். வேகமாக அசையும் கையின் ஓரம் குழையும். நடிகர் செட்டில் நிற்பது அப்பட்டமாகத் தெரியும்.

2019இல் யுஎச்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு ஃபிலிம்மேக்கர் மோடு என்று ஒன்றை அறிவித்தது. உங்கள் டிவியில் அது இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். மோஷன் ஸ்மூத்திங், செயற்கைக் கூர்மை, இரைச்சல் குறைப்பு எல்லாவற்றையும் ஒரே தொடலில் அணைத்து, வெண்மையைத் திரைத்துறை பின்பற்றும் அளவுக்குக் கொண்டுவரும். இல்லையென்றால் 'சினிமா' அல்லது 'மூவி' மோடைத் தேர்ந்தெடுத்து, மோஷன் அமைப்பைத் தனியாக அணையுங்கள். ஷார்ப்னஸை பூஜ்யத்துக்கோ அதற்கு மிக அருகிலோ இறக்குங்கள்.

இங்கே வழக்கமாக இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, இந்த அமைப்புகள் பல டிவிகளில் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனி. எச்டிஎம்ஐயில் அணைத்துவிட்டு டிவியின் உள் ஆப்பில் படம் பார்த்தால் பழையபடிதான் இருக்கும். எச்டிஆர் (ஒளி, நிற வீச்சு கூடுதலாக உள்ள) படங்களுக்கும் சாதாரணப் படங்களுக்கும்கூட அமைப்பு வேறு வேறாக இருக்கலாம். அதனால் எச்டிஆர் படம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவைத் திறந்து இன்னொரு முறை மாற்ற வேண்டும். இரண்டாவது, புது மோடு முதல் பார்வைக்கு மங்கலாகவும் மஞ்சளாகவும் தெரியும். ஐந்து நிமிடத்தில் பொறுமையிழந்து பழைய 'விவிட்' மோடுக்கே திரும்பிவிடுகிறார்கள். ஒரு முழுப் படத்துக்கு அப்படியே விட்டுவிடுங்கள். கண் பழகிய பிறகு விவிட்டுக்குப் போனால் அதன் நீலம் உறுத்தும்.

ஸ்மூத்திங்கை அணைத்த பிறகு, கேமரா மெல்லப் பக்கவாட்டில் திரும்பும் காட்சிகள் திக்கித் திக்கி நகர்ந்தால் காரணம் வேறு. 24 என்ற எண் 60ஐச் சரியாக வகுக்காது. அதனால் ஒரு ஃபிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படுகிறது. 120 என்றால் ஒவ்வொன்றும் ஐந்து முறை, சமமாக விழும். டிவியோடு தனிப் பெட்டியோ ஸ்டிக்கோ இணைத்திருந்தால், படத்தின் ஃபிரேம் வேகத்தோடு பொருந்தச் செய்யும் அமைப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பிள் டிவியில் 'மேட்ச் கன்டென்ட்' என்றும் ஃபயர் டிவியில் 'மேட்ச் ஒரிஜினல் ஃபிரேம் ரேட்' என்றும் இருக்கும். விளையாட்டுப் போட்டிகளுக்கு மட்டும் ஸ்மூத்திங்கை விட்டுவைக்கலாம், பந்து தெளிவாகத் தெரியும்.

உட்காரும் தூரத்துக்கு எளிய கணக்கு: திரையின் மூலைவிட்ட அளவை 1.6ஆல் பெருக்குங்கள். 55 அங்குலத் திரையின் மூலைவிட்டம் ஏறத்தாழ 140 செ.மீ. என்பதால் 2.2 மீட்டர் தூரம் வசதியானது. பெரும்பாலான வீடுகளில் சோபா இதைவிடத் தள்ளித்தான் கிடக்கும். அறையை முழு இருட்டாக்காமல், திரைக்குப் பின்னால் சுவரில் படும்படி சிறு வெள்ளை விளக்கு ஒன்றை வையுங்கள். கண் களைப்பு குறையும், கறுப்பும் ஆழமாகத் தெரியும்.

வசனம் கேட்கவில்லை, வெடி மட்டும் காதைப் பிளக்கிறது

இந்தப் புகாருக்கு நேரான காரணம் இருக்கிறது. 5.1 ஒலியமைப்பில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கென்றே ஒதுக்கப்பட்டது. டிவியில் இருப்பதோ இடமும் வலமும் மட்டும். நடுத் தடத்தை 3 டெசிபல் குறைத்து இரண்டு பக்கமும் பிரித்து ஊற்றும்போது, அங்கே ஏற்கெனவே இருக்கும் இசையும் இரைச்சலும் வசனத்தின் மேல் ஏறிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு மெலிந்த டிவிகளின் ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் ஆப்பின் ஆடியோ பட்டியலைத் திறந்து, அதே மொழியில் ஸ்டீரியோ தடம் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கென்றே கலக்கப்பட்டதால் வசனம் சட்டென்று தெளியும். அது இல்லாதபோது டிவியின் ஒலி அமைப்பில் பேச்சைத் தூக்கிக் காட்டும் வசதியை இயக்கலாம், எல்ஜியில் கிளியர் வாய்ஸ், சோனியில் வாய்ஸ் ஜூம். ராத்திரியில் 'நைட் மோடு' போட்டால் மெல்லிய ஒலிக்கும் பெருத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடும். வெடிக்கும் ஒரு முறை, முணுமுணுப்புக்கு ஒரு முறை என்று ரிமோட்டைத் தேட வேண்டியதில்லை. பகலில் அதை அணைத்துவிடுங்கள், இசைக்கு அது கேடு.

டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார் வாங்குகிற எண்ணம் இருந்தால் பெட்டியின் மேல் 3.1 அல்லது 5.1 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 2.1 என்றால் நடு ஸ்பீக்கர் கிடையாது, மேலே சொன்ன சிக்கல் அப்படியே இருக்கும். நடு ஸ்பீக்கர் உள்ளதில் 'சென்டர்' அளவை 2, 3 புள்ளி ஏற்றிவைத்தால் போதும். அதை அலமாரித் தட்டுக்குள் தள்ளி வைக்காதீர்கள், மேல்தட்டு ஒலியை விழுங்கிவிடும்.

உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் என்று ஓடினால், எது முந்துகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. கதவு மூடும் காட்சியையோ கைதட்டும் காட்சியையோ பாருங்கள். சத்தம் முந்தினால் எளிது, 'ஆடியோ டிலே' அமைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் சேர்ந்துவிடும். சத்தம் பிந்தினால் அந்த அமைப்பு பெரும்பாலும் உதவாது, ஒலியைத் தாமதப்படுத்த மட்டுமே அதற்குத் தெரியும். புளூடூத் இணைப்பு இருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிக்கும் வேலையில் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடும். கம்பி இணைப்புக்கு மாறுங்கள்.

எதைப் பார்ப்பது

தூங்கப் போகும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பதினொன்றுக்குப் படுக்க வேண்டும் என்றால் பத்தரைக்குள் படம் முடிய வேண்டும். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் 90 நிமிடம்தான் இருக்கிறது. இந்த அளவுக்குள் மிக நல்ல படங்கள் நிறையவே இருக்கின்றன. சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்', 1931, 87 நிமிடம். மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ', 1988, 86 நிமிடம். வில்லன் இல்லாத கதை, சின்னக் குழந்தைகளோடும் பார்க்கலாம். அரை மணி நேரம்தான் இருக்கிறதென்றால் 'தி ரெட் பலூன்', 1956, 34 நிமிடம். வசனம் கிட்டத்தட்ட இல்லை, சப்டைட்டிலே வேண்டாம்.

என் முதல் பரிந்துரை மௌனப்படங்கள்தான், குறிப்பாக பஸ்டர் கீட்டனின் 'ஷெர்லாக் ஜூனியர்'. 1924இல் வந்தது, ஓடும் நேரம் 45 நிமிடம். வெவ்வேறு வயதினர், வெவ்வேறு மொழிக்காரர்கள் ஒரே அறையில் இருக்கும் விடுமுறை நாளில் இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம். யாரும் ஓரத்தில் உட்கார்ந்து 'என்ன சொன்னான்' என்று கேட்க வேண்டியதில்லை. தியேட்டரில் படம் ஓட்டுபவன் கனவில் திரைக்குள்ளேயே நடந்து போகிறான். பின்னணி மாற மாற அவன் அதே இடத்தில் விழுந்து எழுகிறான். நூறாண்டுக்கு முன் கணினி இல்லாமல் இதை எப்படிச் செய்தார்கள் என்று சிறுவர்கள் கட்டாயம் கேட்பார்கள். காட்சிக்குக் காட்சி கேமராவிலிருந்து நடிகர் நிற்கும் தூரத்தை அளந்து, அதே இடத்தில் மறுபடி நிறுத்தி எடுத்தார்கள் என்று சொல்லுங்கள்.

மௌனப்படங்களை இலவச இணையப் பிரதிகளில் பார்க்கும்போது வேகம் ஒரு பெரிய கோளாறு. அந்தக் காலக் கேமராக்கள் நொடிக்கு 16 முதல் 22 ஃபிரேம் வரை, படத்துக்குப் படம் மாறும் வேகத்தில் எடுத்தன. அதை 24இல் ஓட்டினால் எல்லோரும் ஓட்டமாக நடப்பார்கள். மௌனப்படம் என்றாலே தத்தக்கா பித்தக்கா நடை என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது இதனால்தான். பிளேயரில் வேகத்தை 0.75 ஆக்கினால் 24 என்பது 18 ஆகிவிடும், நடை இயல்பாகும். சோகப்படங்களுக்கு இதைச் செய்யுங்கள். நகைச்சுவைப் படங்களில் சற்றே கூடுதலான வேகம் இயக்குநரே வேண்டுமென்று வைத்ததாக இருக்கலாம், அவற்றை முதலில் அப்படியே பாருங்கள். இலவசப் பிரதிகளில் ஒட்டியிருக்கும் இசை பெரும்பாலும் படத்துக்குச் சம்பந்தமில்லாத பியானோ. ஒலியை அணைத்துவிட்டு உங்களுக்குப் பிடித்த வாத்திய இசையைப் போடலாம். பாட்டு வேண்டாம், சொல் வந்தால் கவனம் சிதறும்.

இந்தப் பிரதிகள் சட்டப்படி இலவசமாகக் கிடைப்பதற்கும் ஜனவரி 1க்கும் நேரடித் தொடர்பு உண்டு. அமெரிக்கச் சட்டப்படி, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு முழுதாக முடிந்த பழைய படைப்புகள் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் பொதுவுடைமையாகின்றன, அதாவது யாரும் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். இடையில் சட்டத்திருத்தம் ஒன்று இருபது ஆண்டுகள் இதை நிறுத்தி வைத்தது. 2019இல் 1923ஆம் ஆண்டுப் படைப்புகளோடு மறுபடி தொடங்கியது. கணக்கு எளிது: பிறக்கிற ஆண்டிலிருந்து 96ஐக் கழியுங்கள். 2024இல் 1928, 2025இல் 1929, 2026இல் 1930. அந்த ஆண்டில் வெளியான புத்தகங்களும் படங்களும் அன்று காலையில் திறக்கின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ், ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இலவச இணைய நூலகங்களில் தேடலாம். அதே படத்தின் புது இசைக்கோப்புக்கும் புத்தகத்தின் புது மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை உண்டு. மற்ற நாடுகள் பலவற்றில் படைப்பாளர் இறந்த ஆண்டை வைத்துத்தான் கணக்கு, அது 50இலிருந்து 70 ஆண்டு வரை வேறுபடும்.

முதல் தேதி காலையில்: இசை

வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் புத்தாண்டுக் கச்சேரி ஜனவரி 1 அன்று மியூசிக்வெரைன் பொன் மண்டபத்திலிருந்து நேரலையாக வருகிறது. உலக நேரப்படி காலை 10:15க்குத் தொடக்கம், இடைவேளையோடு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். முதல் கச்சேரி நடந்தது 1939 டிசம்பர் 31இல். அடுத்தது 1941 ஜனவரி 1க்குப் போனது, அதிலிருந்து அந்தத் தேதிதான். 1987 முதல் குழுவை முன்நின்று நடத்தும் நடத்துநர் ஆண்டுக்கொருவர்.

மேற்கத்தியச் செவ்வியல் இசையே கேட்டதில்லை என்பவர்களுக்கும் இது நல்ல நுழைவாயில். வால்ட்ஸ், போல்கா என்ற நடன இசை, மார்ச் என்ற அணிவகுப்பு இசை என்று சின்னச் சின்னத் துண்டுகள், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முழுதும் கேட்கப் பொறுமையில்லை என்றால் கடைசி இருபது நிமிடத்துக்காவது வந்துவிடுங்கள். 'நீல டான்யூப்' வால்ட்ஸின் முதல் சுரங்களைத் தொடங்கியதும் கூட்டம் கைதட்டி நிறுத்தும், குழுவினர் சேர்ந்து புத்தாண்டு வாழ்த்துச் சொல்வார்கள், பிறகு முதலிலிருந்து வாசிப்பார்கள். முடிவில் வருவது ராடெட்ஸ்கி மார்ச். நடத்துநர் குழுவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, எங்கே மெல்லத் தட்ட வேண்டும், எங்கே ஓங்கித் தட்ட வேண்டும் என்று கூட்டத்தையே நடத்துவார். வீட்டில் இருப்பவர்களும் தட்டலாம், பிள்ளைகளுக்கு அந்த ஐந்து நிமிடம் போதும்.

பிற நாட்களுக்கு ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்கும் பழக்கத்தைச் சொல்வேன். எல்பி தட்டின் இரு பக்கமும் சேர்ந்து நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம்தான் வசதியாகக் கொள்ளும் என்பதால் அந்தக் காலத் தொகுப்புகள் ஒரே அமர்வுக்குக் கச்சிதம். ஆப்பில் ஷஃபிளையும் கிராஸ்ஃபேடையும் அணைத்து, கேப்லெஸ் பிளேபேக்கை இயக்குங்கள். மேடைக் கச்சேரிப் பதிவுகளில் கேப்லெஸ் இல்லாவிட்டால் கைதட்டலுக்கு நடுவே அரை நொடி மௌனம் வந்து விழும். கிராஸ்ஃபேடு இருந்தாலோ ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலையில் ஏறும்.

திரையில்லாமல் ஒரு விடிகாலை

ஜனவரி 3, 4 தேதிகளில் குவாட்ரான்டிட்ஸ் விண்கல் மழை உச்சத்துக்கு வருகிறது. உச்ச நேரத்தில், இருண்ட வானில் மணிக்கு நூறு விண்கற்களுக்கு மேல் தெரியக்கூடும். மற்ற விண்கல் மழைகள் இரண்டு மூன்று நாள் நீடிக்கும்போது இதன் உச்சம் ஆறு மணி நேரம் அளவே நிற்கும் என்பதால், அந்த ஆண்டின் உச்ச மணியை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். அது உங்கள் ஊரில் பகலாக இருந்தால் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். நிலவு பெரிதாக இருக்கும் ஆண்டிலும் அப்படியே. வடக்கு அரைக்கோளத்துக்காரர்களுக்கே இது உரியது, வடக்கே போகப் போக நன்றாகத் தெரியும். நள்ளிரவு தாண்டி விடியும் வரை வடகிழக்கு வானம் நன்கு தெரியும் இடத்தில் மல்லாந்து படுத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். ஒரு முறை போனைப் பார்த்தால் அந்த அரை மணியும் வீண். தொலைநோக்கி வேண்டாம், அது பார்வைப் பரப்பைக் குறுக்கிவிடும்.

வாசிப்பைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே படித்துப் பிடித்துப்போன ஒரு சிறுகதைத் தொகுப்பை மறுபடி எடுங்கள், நாளுக்கு ஒரு கதை. புது நாவலை இந்த வாரம் தொடங்க வேண்டாம். பழைய தமிழ் நூல்கள் 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஜிக்சா புதிர் பிடித்தவர்கள் இந்த வாரத்துக்கு 500 துண்டில் நில்லுங்கள். 1000 துண்டுப் புதிர் முடிந்தால் ஏறத்தாழ 70க்கு 50 செ.மீ. ஆகும், அது பல நாள் மேசையைப் பிடித்துக்கொள்ளும். எந்த அளவானாலும் மேசையின் மேல் நேராக அடுக்காமல் ஒரு பலகையில் அடுக்குங்கள், நகர்த்த வேண்டி வந்தால் பலகையோடு தூக்கிவிடலாம். ஓரத் துண்டுகளைப் பிரித்த பிறகு நிறம் பார்த்துப் பிரியுங்கள். வானம்போல ஒரே நிறமாக வரும் இடத்தில் மட்டும் வடிவம் பார்த்து, எத்தனை காது, எத்தனை குழி என்று பிரிக்க வேண்டும். ஓரம் மூடாமல் ஒரு துண்டு மிஞ்சினால் எங்கோ ஒன்று பொய்யாகப் பொருந்தியிருக்கிறது. பலகையைச் சாய்த்துப் பக்கவாட்டில் விளக்கடித்தால், சரியாக உட்காராத துண்டின் விளிம்பில் நிழல் விழும்.

இருபத்தைந்து சொற்கள்

கூட்டமாக ஆட 'கோட்நேம்ஸ்' நல்ல விளையாட்டு. 2015இல் வெளியானது. கடையில் கிடைக்கும் பெட்டியில் ஆங்கிலச் சொற்கள் இருக்கும். தமிழில் ஆட அந்தப் பெட்டியே தேவையில்லை, தாளும் கத்தரியும் போதும். தமிழில் இது இன்னும் சுவையாக வருகிறது, பல பொருள் தரும் சொற்கள் நம்மிடம் அவ்வளவு இருக்கின்றன.

விசிட்டிங் கார்டு அளவில் 100 அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல்: ஆறு, மாலை, படி, நூல், இதழ், தாள், வரி, திங்கள், ஞாயிறு, மதி, அணி, நகை, முடி, கல், பார், மெய், பொறி, கரை, வேங்கை, அன்னம். இப்படி இரட்டைப் பொருள் சொற்கள் பாதி, மேகம், பாலம், ஊசி என்பதுபோல ஒற்றைப் பொருள் சொற்கள் பாதி இருந்தால் சமன்படும். பிறகு வேறு பத்து அட்டைகளில் ஐந்துக்கு ஐந்து கட்டம் வரைந்து, 9 கட்டத்தில் சிவப்பு, 8இல் நீலம், 7 வெறுமை, 1இல் கறுப்புப் பெருக்கல் குறி போடுங்கள். அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்தால் ஒவ்வொன்றும் நான்கு வரைபடமாகும், மொத்தம் நாற்பது.

குறைந்தது நான்கு பேர், இரண்டு அணி. அணிக்கு ஒரு தலைவர்; வரைபடத்தைத் தலைவர்கள் மட்டும் பார்க்கலாம். 25 சொல் அட்டைகளை ஐந்துக்கு ஐந்து கட்டமாக அடுக்குங்கள்; வரைபடத்தில் அதே இடத்தில் உள்ள நிறம்தான் அந்தச் சொல் எந்த அணியுடையது என்று காட்டும். ஒன்பது சொல் உள்ள சிவப்பு அணி முதலில் ஆடும். தலைவர் ஒரு சொல்லும் ஒரு எண்ணும் சொல்வார்: 'வாசிப்பு, மூன்று.' அணியினர் கலந்து பேசி ஒவ்வொன்றாகத் தொடுவார்கள்: நூல், இதழ், தாள். சொன்ன எண்ணைவிட ஒன்று கூடுதலாகத் தொடலாம், போன முறை விட்டதைப் பிடிக்க அது உதவும். எதிரணிச் சொல்லையோ வெற்றுச் சொல்லையோ தொட்டால் முறை முடிந்தது. கறுப்பைத் தொட்டால் ஆட்டமே தோல்வி. தன் அணிச் சொற்கள் எல்லாம் முதலில் வெளியான அணி வெல்லும்.

எங்கே சறுக்கும் என்றால், மேலே சொன்ன 'வாசிப்பு, மூன்று' என்பதிலேயே பாருங்கள். 'வரி' மேசையில் கறுப்பாக இருந்தால் அது தற்கொலைக் குறிப்பு, வாசிப்பவர் வரியைத்தான் வாசிக்கிறார். 'படி'யும் எதிரணியுடையதாக இருக்கலாம். குறிப்பைச் சொல்லும் முன் கறுப்புச் சொல்லின் எல்லாப் பொருளையும் ஒரு முறை மனத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான் தலைவரின் முதல் கடமை. நான்கு, ஐந்து என்று பெரிய எண்ணுக்கு ஆசைப்பட வேண்டாம். இரண்டிரண்டாகப் போனாலே ஒன்பது சொல் ஐந்து முறையில் முடிந்துவிடும்.

தமிழுக்கென்று மூன்று விதிகளை முதலிலேயே பேசிவிடுங்கள். மேசையில் இருக்கும் சொல்லைப் பகுதியாகக் கொண்ட எதையும் குறிப்பாகச் சொல்லக்கூடாது: 'படி' இருக்கும்போது படிப்பு, படித்துறை இரண்டும் செல்லாது. குறிப்பில் வேற்றுமை உருபு ஒட்டக்கூடாது. 'வானத்தில்' என்றால் அது இரண்டு தகவல், 'வானம்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒலி ஒப்புமையை வைத்துக் குறிப்புக் கொடுக்கக்கூடாது, மரத்தைச் சுட்ட மறம் என்று சொல்வது விளையாட்டைக் கெடுக்கும். பஸ், ஸ்டேஷன் போன்ற வழக்குச் சொற்களைக் குறிப்பாக ஏற்கலாமா என்பது அந்த அறையில் இருப்பவர்களின் விருப்பம். எதுவானாலும் முதல் சுற்றுக்கு முன் முடிவு செய்துவிட வேண்டும், நடுவில் வந்தால் சண்டைதான். தலைவரின் முகத்தையும் கவனியுங்கள். அணியினர் ஒரு சொல்லின் அருகே விரலைக் கொண்டுபோகும்போது தலைவர் மூச்சை இழுத்தால் அதுவே குறிப்பாகிவிடும். தலைவர்கள் வரைபடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

ஒரு சுற்று பதினைந்திலிருந்து இருபது நிமிடம். ஒரு மாலைக்கு மூன்று சுற்று சரியாக இருக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் தலைவரை மாற்றுங்கள். ஆடி முடித்த 25 அட்டைகளைத் தனியே வைத்தால் 100 அட்டை நான்கு சுற்றுக்கு வரும். அட்டைகளின் பின்புறமும் எழுதினால் எட்டு. இரண்டு மாலை ஆடிய பிறகு எந்தச் சொல் யாரையும் ஒரு முறைகூடக் குழப்பவில்லை என்பது தெரிந்துவிடும். அதை எடுத்துவிட்டு, வெற்று அட்டை ஒன்றைக் கூட்டத்தில் இருக்கும் சிறியவர் கையில் கொடுத்து வேறு சொல் எழுதச் சொல்லுங்கள்.